பாராதைராய்டு: நார்மலா, இல்லையா? ஸ்லைடு மட்டும் சொல்லுமா?

#1 மைக்ரோடோம்

வணக்கம். புதுச்சேரியில் எம்.டி. பேத்தாலஜி முடித்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் கடலூருக்கு பஸ்ஸில் போய் வேலை பார்க்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். பாராதைராய்டு, அதாவது கழுத்தில் தைராய்டை ஒட்டி இருந்துகொண்டு ரத்தக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் நாலு சின்னச் சுரப்பிகள். அதில் ஒன்றுக்கு, ஆபரேஷன் நடக்கும்போதே திசுவை உறைய வைத்துப் பார்த்து நான் கொடுத்த ஃப்ரோசன் ரிசல்ட் தப்பாகிப் போனது. தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன்.

நோயாளி சின்னப் பெண், 19 வயது. இரண்டு தடவை சிறுநீரகக் கல். கால்சியம் 11.9, பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) 240, இரண்டுமே அதிகம். வலது கீழே ஏதோ இருக்கலாம் என்று ஸ்கேனில் அரை மனதாக எழுதியிருந்தார்கள். சர்ஜன் அந்த இடத்திலிருந்து ஒரு சுரப்பியை எடுத்து அனுப்பி, "இதுதானே?" என்று ஓ.டி.யிலிருந்து போனில் கேட்டார். ஸ்லைடு முழுக்க நெருக்கியடித்துக்கொண்டு சீஃப் செல்கள், அதாவது ஹார்மோன் சுரக்கும் செல்கள். கொழுப்பு அங்கொன்றும் இங்கொன்றும். நூற்றுக்கு ஐந்து தேறாது. நார்மல் சுரப்பி என்றால் பாதி செல், பாதி கொழுப்பு என்று படித்தது ஞாபகம் வந்தது. இதில்தான் கொழுப்பே இல்லையே. "செல் நிறைந்த பாராதைராய்டு, அடினோமாதான்" என்று, அதாவது ஹார்மோனை அதிகமாகச் சுரக்கும் சாதுவான கட்டி இதுதான் என்று, சொல்லிவிட்டேன். கழுத்தை மூடிவிட்டார்கள்.

மூன்றாம் நாள் கால்சியம் 11.7.

சில வாரம் கழித்து இரண்டாவது ஆபரேஷன். இடது மேல் சுரப்பி உணவுக்குழாய்க்குப் பின்னால் ஒளிந்திருந்தது. 1.4 கிராம். நான் அடினோமா என்று சொன்னது அந்தப் பெண்ணின் நல்ல சுரப்பியை.

பழைய ஸ்லைடைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இன்றைக்குக் கொடுத்தாலும் அதையேதான் சொல்வேன் போலிருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறது. எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

#2 தூங்காத பிஜி

அண்ணா, அந்தப் பாதிக்குப் பாதி கணக்கை நான் போன இன்டர்னலில் எழுதி முழு மார்க் வாங்கினேன். இப்போது பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

#3 கொம்பாக்கம்

மைக்ரோடோம் தம்பி, முதலில் இரண்டு கேள்வி. நீங்கள் பார்த்த சுரப்பியின் எடை என்ன? மூன்று பக்க அளவு எழுதினீர்களா?

#4 மைக்ரோடோம்

எடை போடவில்லை மேடம். எங்களிடம் இருக்கும் தராசு கிட்னி, கர்ப்பப்பை நிறுப்பதற்கானது. ஒரு கிராமுக்குக் கீழே அதற்குக் கண் தெரியாது. அளவு எழுதியிருக்கிறேன்: 7 × 4 × 2 மி.மீ.

#5 கொம்பாக்கம்

பதில் உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருந்திருக்கிறது. மூன்றையும் பெருக்கிப் பாதியாக்குங்கள். 28 கன மி.மீ. வரும். திசுவின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் அதிகம் என்பதால், அது ஏறக்குறைய 30 மில்லிகிராம். இதில் என்ன அடினோமா?

நார்மல் சுரப்பி ஒன்று 30 முதல் 40 மி.கி. 60-ஐத் தாண்டினால் சந்தேகப்படலாம். நான் மாணவர்களுக்கு இதை நம் பழைய பொன் நிறுவையில் சொல்லுவேன். நாலு நெல் எடை ஒரு குன்றிமணி. ஒரு சுரப்பி ஒரு நெல், நாலும் சேர்ந்தால் ஒரு குன்றிமணி. அந்தக் காலத்துப் பத்தர் யாரோ பாராதைராய்டை நிறுத்துப் பார்த்துத்தான் வாய்ப்பாடு போட்டாரோ என்று தோன்றும்.

இப்போது கொழுப்புக் கதை. பாதிக்குப் பாதி என்பது புத்தகத்திலிருந்து புத்தகத்துக்குத் தாவி வந்த கணக்கு. பிற்பாடு பிரேதப் பரிசோதனைச் சுரப்பிகளை எடுத்து ஒழுங்காக அளந்து பார்த்தபோது, பெரும்பாலான பெரியவர்களுக்கு அந்தப் பங்கு அதைவிட வெகுவாகக் குறைவு. பலருக்கு 10-க்கும் 30-க்கும் இடையில்தான். குழந்தைக்குச் சுரப்பியில் கொழுப்பு கிட்டத்தட்டக் கிடையாது. பருவ வயதில் எட்டிப் பார்க்கும், முப்பதை ஒட்டி ஓரளவு நிலைக்கும். உடம்பு பருத்தவருக்குக் கூடும். நோயில் மெலிந்து கிடப்பவருக்குக் குறையும். இதற்கு மேல், ஒரே சுரப்பிக்குள்ளேயே ஒரு முனையில் கொழுப்பு குவிந்திருக்கும், மறு முனை வெறும் செல்லாக இருக்கும். நுனியில் துளி கிள்ளி அனுப்பினால் எது கையில் வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம். உங்கள் நோயாளிக்கு 19 வயது. அந்த வயதில் செல் நிறைந்திருப்பதுதான் நார்மல். ஸ்லைடில் நீங்கள் பார்த்தது சரி. எந்த வயதுக்காரரோடு ஒப்பிட்டீர்கள் என்பதில்தான் சறுக்கல்.

வயது இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். ஆக்சிஃபில் செல்கள், அதாவது மைட்டோகாண்ட்ரியா நிரம்பி ரோஸ் நிறத்தில் மினுமினுக்கும் செல்கள், பருவ வயதை ஒட்டித்தான் தலைகாட்டும். அறுபது வயதில் அவை சின்னச் சின்ன முடிச்சாகக் கூடியிருப்பது சாதாரணம். நரை மாதிரி. அதைப் பார்த்து அடினோமா என்று எழுதிய ஸ்லைடுகள் கன்சல்டேஷனுக்கு என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

அடினோமாவுக்கு ஓரத்தில் நசுங்கிய நார்மல் திசு, ரிம் என்கிறோமே, அது இருந்தால் நல்ல சாட்சி. ரிம்மில் கொழுப்பு இருக்கும், செல்லுக்குள்ளும் எண்ணெய்த் துளி இருக்கும். கட்டிக்குள் இரண்டும் இருக்காது. ஆனால் ஏறக்குறைய பாதி அடினோமாக்களில்தான் ரிம் கிடைக்கும். கட்டி பெரிதாகப் பெரிதாக அதை விழுங்கிவிடும், அல்லது நாம் வெட்டிய தளத்தில் வந்திருக்காது. ரிம் இல்லை என்பதற்காக அடினோமா இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு நேர் எதிரான பள்ளத்தில் நான் விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சுரப்பி வந்தது. ஸ்லைடில் கொழுப்பும் செல்லும் அழகாகக் கலந்து கிடந்தன. "நார்மல்" என்றேன். சர்ஜன் கோபமாகக் கீழே இறங்கி வந்து, "அம்மா, இது என் கட்டைவிரல் அளவு இருக்கிறது" என்று மீதியைக் காட்டினார். லைப்போஅடினோமா, கொழுப்பும் கலந்த அடினோமா. கண்ணுக்கு நார்மல், தராசுக்கு இல்லை.

#6 தூங்காத பிஜி

மேடம், குன்றிமணியை நோட்டில் எழுதிக்கொண்டேன். எக்ஸாமில் எழுதினால் எக்ஸாமினர் என்ன செய்வார் என்று தெரியவில்லை.

சும்மா ஒரு தகவல்: இந்தச் சுரப்பி முதலில் கண்ணில் பட்டது மனிதக் கழுத்தில் இல்லை. லண்டன் உயிரியல் பூங்காவில் 1849-ல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்த ரிச்சர்ட் ஓவன்தான் அதைக் குறிப்பிட்டார். மனிதனில் இருப்பதை 1880-ல் விவரமாக எழுதியவர் ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம், ஸ்வீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவர். நம் ஊர் மிருகம், அவர்கள் ஊர் மாணவர்.

#7 கத்திக்காரன்

சர்ஜன் தரப்பிலிருந்து. மைக்ரோடோம் எல்லாப் பழியையும் தலையில் போட்டுக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. "இதுதானே?" என்று கேட்டதே தப்பான கேள்வி. ஃப்ரோசனில் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: இது பாராதைராய்டா? தைராய்டு முடிச்சா, நிணநீர்க் கட்டியா, தைமஸா, வெறும் கொழுப்பா என்று பிரித்துச் சொன்னால் போதும். அதை நீங்கள் சரியாகச் சொல்லியிருக்கிறீர்கள். இதுதான் குற்றவாளியா என்பதை முடிவு செய்ய வேண்டியவன், கழுத்துக்குள் கையை வைத்திருக்கும் நான்.

அதற்கு எனக்கு என்ன வழி? பக்கத்துச் சுரப்பியைப் பார்ப்பது ஒன்று. நார்மல் சுரப்பி லேசாக வறுத்த முந்திரி நிறத்தில், தட்டையாக, மெத்தென்று இருக்கும். அடினோமா செம்பழுப்பு, உருண்டை, கொஞ்சம் கெட்டி. பண்ருட்டிக்காரர்களுக்கு இந்த நிறத்தைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதே இல்லை. இரண்டாவது வழி, மேஜையிலேயே பி.டி.எச். பார்ப்பது. அந்த ஹார்மோனின் அரை ஆயுள் 3 முதல் 5 நிமிடம்தான். சரியான சுரப்பியை எடுத்திருந்தால், எடுத்த 10-வது நிமிடத்தில், முன்பு இருந்த உச்ச அளவிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையா, தேடலைத் தொடர வேண்டியதுதான். அந்த வசதி நம் பக்கத்துச் சின்ன ஊர்களில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். ரத்தம் வெளியூர் லேபுக்குப் போய் மறுநாள் ரிசல்ட் வருகிற இடத்தில், நாலு சுரப்பியையும் கண்ணால் பார்க்காமல் மூடக் கூடாது. நானாக இருந்தால் மூடியிருக்க மாட்டேன். சரி, இப்போது சொல்வது சுலபம்.

நார்மல் சுரப்பியை எடுத்துவிட்டு நோயை உள்ளே விட்டு வருவது புதுசும் இல்லை. அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெலுக்கு ஆறு ஆபரேஷன் ஆகியும் கட்டி கிடைக்கவில்லை. 1932-ல் ஏழாவது தடவை நெஞ்சுக்கூட்டைத் திறந்தபோதுதான் கிடைத்தது. அதற்கு முன் அவர் கழுத்திலிருந்து போனவை நல்ல சுரப்பிகள்.

#8 மைக்ரோடோம்

நன்றி சார். ஆனால் ஓ.டி.யில் "பாராதைராய்டுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைக்க முடிகிறதா? "அது தெரியும்யா, அடினோமாவா சொல்லு" என்பார்கள்.

#9 கத்திக்காரன்

சொல்வார்கள். நானே சொல்லியிருக்கிறேன். "எடை இவ்வளவு, வயது இவ்வளவு, மற்றது உங்கள் கையில்" என்று திருப்பிப் போடுங்கள். கத்துவார்கள். கத்தட்டும்.

#10 லேப் அண்ணன்

நான் டெக்னீஷியன். டாக்டர்கள் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இதில் எங்கள் கையிலும் கொஞ்சம் இருக்கிறது.

முதலாவது, எடை. சுரப்பியைச் சுற்றி ஒட்டியிருக்கும் வெளிக் கொழுப்பைக் கழித்துவிட்டு நிறுக்க வேண்டும். சில இடங்களில் ஈரப் பஞ்சோடு அப்படியே வைத்து 300 மி.கி. என்று எழுதுகிறார்கள், அதில் 250 பஞ்சு. சலைனில் ஊறிப்போய் வந்தாலும் கணக்கு கெடும், ஸ்லைடில் ஐஸ் ஓட்டையும் விழும். உலர விடாமல், ஊறவும் விடாமல், லேசாக ஒற்றி எடுத்து நிறுக்க வேண்டும்.

இரண்டாவது, கொழுப்பு. க்ரையோஸ்டாட்டை, அதாவது திசுவை உறைய வைத்துச் சீவும் இயந்திரத்தை, நாங்கள் மைனஸ் 20-ஐ ஒட்டி வைத்திருக்கிறோம். அந்தக் குளிரில் செல் உறையும், கொழுப்பு சரியாக உறையாது. பிளேடு பட்டதும் கொழுப்புப் பகுதி பிய்ந்து போய்விடும். ஸ்லைடில் கொழுப்பு குறைவு என்று நீங்கள் பார்ப்பதில் ஒரு பங்கு எங்கள் பிளேடு தின்றது.

மூன்றாவது, கொம்பாக்கம் மேடம் சொன்ன செல்லுக்குள் இருக்கும் எண்ணெய்த் துளி. அதைப் பார்க்க ஃப்ரோசன் துண்டில் ஆயில் ரெட் ஓ, கொழுப்பைச் சிவப்பாக்கும் சாயம், போட வேண்டும். மெழுகில் போட்டுவிட்டால் ஆல்கஹாலும் சைலீனும் அந்த எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். மறுநாள் கேட்டால் கொடுக்க எங்களிடம் எதுவும் இருக்காது. ஃப்ரோசன் அன்றைக்கே ஒரு துண்டு ஒதுக்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும் நார்மல் செல்லில் சிவப்புத் துளி பளிச்சென்று தெரியும். ஓயாமல் ஹார்மோன் சுரக்கும் செல்லில் அது வற்றிப்போயிருக்கும்.

#11 கொம்பாக்கம்

லேப் அண்ணன், நீங்கள் மன்னிப்புக் கேட்கவே வேண்டாம். பஞ்சு விஷயம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

ஆயில் ரெட் ஓ பற்றி ஒரு எச்சரிக்கை. துளி நிறைய, துளி இல்லை என்ற இரண்டு கோடிக்கும் நடுவில் விழும் சுரப்பிகள் உண்டு. அடினோமாவிலேயே அங்கங்கே துளி மிஞ்சியிருக்கும். துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பை அதன் கையில் கொடுக்காதீர்கள்.

மைக்ரோடோம், இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். 19 வயதில் இந்த நோய் என்றால் பரம்பரைக் காரணம் இருக்கிறதா என்று யாராவது யோசித்தார்களா? மென்-1 (பல ஹார்மோன் சுரப்பிகளில் கட்டி வரும் பரம்பரை நோய்) மாதிரி இருந்தால் ஒரு சுரப்பியோடு நிற்காது.

#12 மைக்ரோடோம்

இரண்டாவது ஆபரேஷனுக்கு முன்பே புதுச்சேரியில் எண்டோகிரைன் டாக்டரிடம் அனுப்பினோம் மேடம். மரபணுப் பரிசோதனை போயிருக்கிறது, ரிசல்ட் வரவில்லை. கால்சியம் இப்போது 9.1.

#13 திருப்பாதிரிப்புலியூர்

நான் மருத்துவத் துறை இல்லை. கூகுளில் தேடி இங்கே வந்தேன். அம்மாவுக்கு 58 வயது. மூட்டு வலி, மலச்சிக்கல், அலுப்பு என்று இரண்டு வருடம் அலைந்து, கடைசியில் கால்சியம் 12.1 என்று தெரிந்து, போன வாரம் ஆபரேஷன் ஆனது. ரிப்போர்ட்டில் "980 மி.கி., செல் நிறைந்த பாராதைராய்டு திசு, உள்ளே கொழுப்பு இல்லை, ஓரத்தில் நார்மல் ரிம் உள்ளது, சில அணுக்கருக்கள் பெரிதாகவும் கருமையாகவும் உள்ளன, கேப்சூலைத் தாண்டிய ஊடுருவல் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். அந்த "பெரிதாகவும் கருமையாகவும்" என்ற வரியைப் படித்ததிலிருந்து வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. இது கேன்சரா?

#14 கொம்பாக்கம்

தம்பி, முதலில் எல்லோரையும் சாப்பிடச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டை நான் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துத்தான் சொல்கிறேன். ஹார்மோன் சுரப்பிகளில் சாதுவான கட்டிக்குள்ளேயே சில அணுக்கருக்கள் பூதாகரமாக இருப்பது வழக்கம். வேறு உறுப்பில் அதைப் பார்த்தால் நாங்கள் பதறுவோம். இங்கே பதறுவதில்லை. பாராதைராய்டு கேன்சர் என்று எழுத வேண்டுமானால் ரத்தக் குழாய்க்குள்ளோ, நரம்பைச் சுற்றியோ, பக்கத்துத் தசை, தைராய்டுக்குள்ளோ கட்டி புகுந்திருக்க வேண்டும், அல்லது வேறு உறுப்புக்குப் பரவியிருக்க வேண்டும். மிக அபூர்வம், இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. உங்கள் அம்மாவின் ரிப்போர்ட்டில் ஊடுருவல் இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். எடையும் போட்டிருக்கிறார்கள், ரிம்மையும் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அக்கறையாகப் பார்த்த கை அது.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஆபரேஷனுக்கு அப்புறம் கால்சியம் இறங்கும். வாயைச் சுற்றியோ விரல் நுனியிலோ மரமரப்பு, கை இழுப்பு வந்தால் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். ஆறு மாதத்தில் ஒரு கால்சியம் டெஸ்ட் கட்டாயம் எடுங்கள். அது நார்மலாக இருந்தால்தான் குணமானது என்று கணக்கு.

#15 திருப்பாதிரிப்புலியூர்

நன்றி அம்மா. விரல் மரமரப்பு நேற்று இருந்தது. இப்போதே போன் செய்கிறேன்.

#16 தூங்காத பிஜி

ஒரு சந்தேகம். ஒரே ஒரு சுரப்பி பெரிதாக வந்தால் அடினோமா, நாலும் பெரிதானால் ஹைப்பர்பிளேசியா என்று எழுதினேன். "ஹைப்பர்பிளேசியாவா? 2022-ல் வந்த உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டைப் படி" என்று ஒரு சீனியர் அடித்துவிட்டார். என்ன மாற்றினார்கள்?

#17 கொம்பாக்கம்

ஹைப்பர்பிளேசியா என்ற சொல்லை இப்போது இரண்டாம் நிலை நோய்க்கு ஒதுக்கிவிட்டார்கள். சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸில் இருப்பவருக்கு நாலு சுரப்பியும் வீங்குமே, அது மாதிரி. முதல்நிலை நோயில் பல சுரப்பிகள் பெருத்திருந்தால் "பல சுரப்பி நோய்" என்று எழுதச் சொல்கிறார்கள். காரணம், மென்-1 மாதிரி நோயில் அவை ஒவ்வொன்றும் தனித்தனிக் குளோன் கட்டிகள், அதாவது ஒவ்வொன்றும் ஒரு செல்லிலிருந்து பெருகியவை, என்று தெரிந்துவிட்டது. கேன்சர் சந்தேகம் தரும், ஆனால் ஊடுருவல் உறுதியாகாத கட்டிக்கு வைத்த "அடிப்பிக்கல் அடினோமா"வும் போய் "அடிப்பிக்கல் பாராதைராய்டு டியூமர்" என்றாகிவிட்டது. அங்கேதான் பாராஃபைப்ரோமின் என்ற புரதத்துக்கான ஸ்டெயின் பயன்படும். அணுக்கருவில் அது காணாமல் போயிருந்தால் சிடிசி73 மரபணுவைச் சந்தேகிக்க வேண்டும்.

பெயர் மாறியதே தவிர தொல்லை மாறவில்லை. ஒரே ஒரு சுரப்பியைக் கொடுத்து, இது தனிக் கட்டியா, பல சுரப்பி நோயில் ஒன்றா என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. இரண்டாவது சுரப்பி நார்மல் என்று தெரிய வேண்டும்.

#18 கத்திக்காரன்

அதற்காக இரண்டாவது சுரப்பியை முழுசாக வெட்டி அனுப்பச் சொல்லாதீர்கள் மேடம். அதற்கு ரத்தம் போவது நூல் போன்ற ஒரே ஒரு தமனியில். இம்மி அளவு கிள்ளினாலே சில சமயம் கறுத்துவிடும். என் கண்ணையும் கொஞ்சம் நம்புங்கள்.

#19 கொம்பாக்கம்

உங்கள் கண்ணை நம்புகிறேன். திசுவோடு அனுப்பும் ரிக்விசிஷன் சீட்டில் நீங்கள் எழுதும் கையெழுத்தைத்தான் நம்ப முடியவில்லை. "இடது மேல் பார்த்தேன், முந்திரி நிறம், சிறியது" என்று ஒரு வரி எழுதுங்கள், போதும். வெறும் "பாராதைராய்டு, ரூல் அவுட்" என்று வருகிறது. எதை ரூல் அவுட் செய்ய?

#20 லேப் அண்ணன்

இதற்கு நூறு லைக்.

இன்னொன்று, தைராய்டு குழப்பம். பாராதைராய்டிலும் வட்ட வட்டமாக ஃபாலிக்கிள் கட்டி நடுவில் ரோஸ் நிறக் கூழ் நிற்கும். தைராய்டு போலவே இருக்கும். எங்கள் டாக்டர் போலரைசர் போட்டுப் பார்ப்பார். தைராய்டுக் கூழில் ஆக்சலேட் படிகம் மின்னும், பாராதைராய்டில் மின்னாது. நேரம் இருந்தால் மறுநாள் டி.டி.எஃப்-1, காட்டா3 ஸ்டெயின் தகராறைத் தீர்த்துவிடும்: முதலாவது தைராய்டில் ஏறும், இரண்டாவது பாராதைராய்டில்.

#21 மைக்ரோடோம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். நிர்வாகத்திடம் தராசு கேட்டேன், கொட்டேஷன் மூன்று வேண்டும் என்றார்கள். காத்திருக்காமல் புதுச்சேரியில் தெரிந்த பத்தர் ஒருவரிடம் சொல்லி, ஒரு மில்லிகிராம் வரை காட்டும் நகைத் தராசு வாங்கிவிட்டேன். "டாக்டருக்கு எதற்கு?" என்று கேட்டார். ஒரு நெல் எடை நிறுக்க வேண்டும் என்றேன். நெல் எடையா, அதெல்லாம் எங்கள் தாத்தா காலத்தோடு போயிற்றே என்று சிரித்தார்.

நேற்று அதற்கு முதல் வேலை. 46 வயது ஆண், கால்சியம் 11.4. முதல் சுரப்பி வந்தது. ஸ்லைடில் கொழுப்பு மறுபடி குறைவுதான், பதினைந்து விழுக்காடு இருக்கலாம். கை நடுங்கியது உண்மை. நிறுத்தேன்: 36. ஆயில் ரெட் ஓ போடச் சொன்னேன். செல்லுக்குள் துளிகள் தெரிந்தன. போனில், "பாராதைராய்டுதான், 36 மில்லிகிராம், இது பெருத்த சுரப்பி இல்லை, இதை வைத்து மூட வேண்டாம்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி" என்று ஒரு சொல்.

நாற்பது நிமிடம் கழித்து இரண்டாவது டப்பா வந்தது. 610.